வௌவால் கத்துது, நமக்குத்தான் கேக்கல

போன வாரம் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. ஃபேன் நின்னதும் வீட்டுக்குள்ள இருக்க முடியல. பாயைச் சுருட்டிக்கிட்டு அம்மா, தங்கமணி, பையன், நான் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிட்டோம். தெரு முழுக்க இருட்டு. வேப்பமரத்துக்கு மேல ரெண்டு மூணு வௌவால் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பையனுக்கு ஏழு வயசு. மல்லாக்கப் படுத்து அதையே பாத்துக்கிட்டு இருந்தவன் திடீர்னு, "அப்பா, அந்த வவ்வா டிக்கு டிக்குன்னு சத்தம் போடுதுப்பா"ன்னான்.

நானும் காதைத் தீட்டிக்கிட்டுப் பாத்தேன். ஒண்ணுமே கேக்கல. தங்கமணிக்கு லேசா கேட்ட மாதிரி இருந்துச்சாம். அம்மா, "குருட்டு வவ்வாலு என்னடா சத்தம் போடப்போவுது, பேசாமத் தூங்கு"ன்னுட்டாங்க. எனக்குத் தூக்கம் வரல. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல காது மேல் ஸ்தாயியை ஒவ்வொண்ணா விட்டுடும்னு படிச்சிருக்கேன். இப்பத்தான் என் காதுலயே அது தெரிஞ்சது.

வெறுமனே பொலம்பிட்டுப் போகப் போறதில்ல மக்களே. இந்த டிக் டிக் சத்தத்தை மனுசன் எப்படிக் கண்டுபிடிச்சான்னு ஒரு பெரிய கதை இருக்கு. இருநூறு வருசத்துக்கும் மேல ஓடின கதை. நடுவுல நம்ம மதுரையும் வருது. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க ஊர்ல ஒரு பழைய கல் மண்டபம் உண்டு. உள்ள போனா அந்த நாத்தம் மூக்கை அடைக்கும். மேல பாத்தா கருப்புக் கருப்பா தொங்கும். எலி மாதிரி நீள வாலு வச்ச சின்ன சாதி வௌவால். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது கோயிலுக்குக் கும்பாபிசேகம் வச்சாங்க. மண்டபத்தைச் சுத்தம் பண்ணணும், வௌவாலை வெரட்டணும்னு முடிவாச்சு. பசங்க நாங்க ஏழெட்டுப் பேர். ஆளுக்கு ரெண்டு ரூவா. ஈர வைக்கோலைப் போட்டு மூட்டம் போட்டோம். கொஞ்ச நேரத்துல கூட்டம் கூட்டமா வெளிய வந்துச்சுங்க. கீழ விழுந்ததை வெளக்கமாத்தால கூட்டித் தள்ளினோம். அப்புறம் கம்பி வலை அடிச்சாச்சு. அந்த ரெண்டு ரூவாயில நான் பரோட்டா சாப்பிட்டேன்.

இதை ஏன் சொல்றேன்னு கடைசில வரும். இப்ப கதைக்கு வருவோம்.

1793. இத்தாலில பவியான்னு ஒரு ஊர். அங்க பல்கலைக்கழகப் பேராசிரியர் லாசரோ ஸ்பல்லன்சானி. பாதிரியாரும் கூட. வயசு அறுபத்துநாலு. வீட்டுல ஒரு ஆந்தை வளர்த்தார். ஒரு நாள் அறையில மெழுகுவர்த்தி அணைஞ்சதும் ஆந்தை தடுமாறி சுவத்துல மோதியிருக்கு. ராத்திரிப் பறவைக்கே கொஞ்சம் வெளிச்சம் வேணும் போலன்னு நினைச்சவர், அதே அறையில வௌவாலை விட்டுப் பாத்தார். கும்மிருட்டுலயும் ஜம்முன்னு பறந்துச்சு. கண்ணை மூடிப் பாத்தார், அப்புறம் கண்ணையே எடுத்துட்டார் (அந்தக் காலத்து ஆராய்ச்சி இப்படித்தான், படிக்கிற நமக்குத்தான் வயித்தைக் கலக்குது). கண்ணில்லாத வௌவாலும் நூல் கட்டின அறையில நூல்ல படாமப் பறந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். அறைக்குள்ள பறந்தாப் போதுமா, வெளிய போய்ப் பொழைக்குமான்னு மனுசனுக்குச் சந்தேகம். பவியா கதீட்ரல் மணிக்கூண்டுலதான் வௌவால் பிடிப்பார். குருடாக்கின வௌவால்களை வெளிய விட்டுட்டு, அப்புறம் விடியக்காலைல அந்த மணிக்கூண்டுக்கே ஏறிப்போய்த் தேடினார். சிலது திரும்பி வந்திருந்துச்சு. வயித்தைக் கிழிச்சுப் பாத்தா, கண்ணு தெரியிற வௌவால் வயித்துல இருக்கிற மாதிரியே பூச்சி நெறைஞ்சு கெடந்துச்சு. அதாவது, கண்ணில்லாம ராத்திரி பூரா வேட்டையாடி வயிறு முட்டச் சாப்பிட்டு வீடு திரும்பியிருக்கு. இன்னிக்கு எல்லாரும் 'கள ஆய்வு'ன்னு சொல்றோமே, வௌவால் விசயத்துல முதல் கள ஆய்வு இதுதான்னு நான் சொல்லுவேன்.

கண்ணு இல்லன்னா வேற எது? 1794ல ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜுரீன்ங்கிற அறுவை மருத்துவர் காதை அடைச்சுப் பாத்தார். வௌவால் கண்டபடி மோதுச்சு. ஸ்பல்லன்சானி முதல்ல நம்பல. தானே செஞ்சு பாத்தார். காதுக்குள்ள குட்டிப் பித்தளைக் குழாய் வச்சார். குழாய் திறந்திருந்தா பறக்குது, குழாயை அடைச்சா மோதுது. முடிஞ்சது கதை. வௌவால் காதாலதான் வழி பாக்குது.

ஆனா ஒரு சிக்கல். எதைக் கேக்குது? பறக்கிற வௌவால் சத்தமே போடலையே! அறையில ஊசி விழுந்தாக் கேக்குற அமைதி. ஸ்பல்லன்சானியால இதுக்குப் பதில் சொல்ல முடியல. 1799ல செத்தும் போனார். பாரிஸ்ல அப்பப் பெரிய கை ஜார்ஜ் குவியே. பரிசோதனை ஒண்ணும் பண்ணாமலே, அதெல்லாம் இறக்கைத் தோலோட தொடு உணர்ச்சிதான்னு தீர்ப்பு சொல்லிட்டார். ஊர் உலகம் அவர் பக்கம் சாய்ஞ்சது. காதால பாக்குதாம், அப்ப கண்ணால கேக்குமோன்னு நக்கல் வேற. சரியான விடையைக் கையில வச்சிருந்த ரெண்டு பேரும் கிட்டத்தட்ட 140 வருசத்துக்குக் கோமாளி ஆனாங்க. நம்ம காதுக்குக் கேக்கலன்னா சத்தமே இல்லைன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டதுதான் காரணம்.

நடுவுல ரெண்டு பேர் கிட்ட வந்தாங்க. 1912ல டைட்டானிக் முழுகினதும், மெஷின் கன் கண்டுபிடிச்ச ஹிராம் மாக்சிம், வௌவாலைப் பாத்து கப்பலுக்கும் ஒரு எதிரொலிக் கருவி செய்யலாம்னு சொன்னார். ஆனா இறக்கை அடிக்கிற ரொம்பத் தாழ்ந்த சத்தம்தான் வௌவாலுக்கு உதவுதுன்னு நினைச்சார். ஸ்தாயி தலைகீழ். 1920ல இங்கிலாந்துக்காரர் ஹார்ட்ரிட்ஜ், இல்லப்பா, நமக்குக் கேக்காத உச்ச ஸ்தாயி சத்தம்னு சரியா ஊகிச்சார். ஆனா நிரூபிக்கக் கருவி இல்ல.

கருவி வந்தது 1938ல. ஹார்வர்டுல டொனால்ட் கிரிஃபின்னு ஒரு மாணவர். அதே இடத்துல பியர்ஸ்ங்கிற இயற்பியல் பேராசிரியர், மனுசக் காதுக்கு எட்டாத சத்தத்தைப் பிடிக்கிற கருவி ஒண்ணு வச்சிருந்தார். கிரிஃபின் ஒரு கூண்டு நெறைய வௌவாலைத் தூக்கிட்டு அங்க போனார். கருவி முன்னால வச்சதும் ஒரே இரைச்சல்! இத்தனை காலமும் ஊமைன்னு நினைச்ச ஜந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்திருக்கு.

இங்க ஒரு வேடிக்கை. அறையில பறக்கவிட்டப்ப கருவி பெருசா எதையும் பிடிக்கல. அதனால, இது வழி பாக்கத்தானான்னு சந்தேகத்தோடயே கட்டுரை எழுதினாங்க. உண்மை என்னன்னா, அந்தச் சத்தம் டார்ச் லைட் மாதிரி, வௌவால் மூஞ்சி திரும்பின பக்கம் மட்டும் போகும். அந்தக் கருவியும் ஒரு திசையில மட்டும்தான் கேக்கும். ரெண்டும் நேருக்கு நேர் வந்தாத்தான் சத்தம். காது கெடைச்சாப் போதாது, அதைச் சரியான இடத்துல வைக்கணும். இந்த வரியை ஞாபகம் வச்சுக்குங்க, மீதிக் கதை முழுக்க இதுதான்.

அப்புறம் கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் சேர்ந்து, கம்பி தொங்கவிட்ட அறையில வாயைக் கட்டி, காதை அடைச்சு ஒழுங்கா நிரூபிச்சாங்க. 1940ல ஒரு கூட்டத்துல இதைச் சொன்னப்ப, ஒரு பெரிய விஞ்ஞானி கலம்போஸோட தோளைப் பிடிச்சு உலுக்கி, நிஜமாத்தான் சொல்றியான்னு கேட்டாராம். ரேடாரும் சோனாரும் ராணுவ ரகசியமா இருந்த நேரம். மனுசனோட லேட்டஸ்ட் சரக்கை ஒரு வௌவால் வச்சிருக்குன்னா யாரு ஒத்துக்குவா? அதே சமயம், ஜெர்மன் ஆக்கிரமிப்புல இருந்த நெதர்லாந்துல டைக்ராஃப்னு ஒருத்தர், கருவி எதுவும் இல்லாம வெறும் காதால வௌவாலோட மெல்லிய டிக் டிக்கைக் கேட்டு, 1943ல அதே முடிவுக்கு வந்தார். நம்ம பையன் கேட்டானே, அந்த மாதிரி டிக். 1944ல கிரிஃபின் இதுக்கு 'எக்கோலொகேஷன்'னு பேர் வச்சார். எதிரொலியால இடம் அறியிறது.

இதுவரைக்கும் எல்லாம் நாலு சுவத்துக்குள்ள. 1951 கோடையிலதான் கிரிஃபின் மூட்டை முடிச்சைக் கட்டினார். மைக், ஆம்ப்ளிஃபயர், ஆசிலாஸ்கோப், கரண்டுக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு நியூயார்க் மாநிலத்துல இதாக்கா பக்கத்துல ஒரு குளத்தங்கரைக்குப் போனார். அவர் எதிர்பாத்தது, அறையில பாத்ததே இங்கயும் இருக்கும்னு. எதிரொலி செவுரு, மரத்துல மோதாம இருக்கத்தான்னு அவரே நினைச்சிருந்தார்.

குளத்துக்கு மேல வௌவால் சும்மா வரும்போது நொடிக்குச் சுமார் பத்து துடிப்பு. பூச்சி பக்கத்துல வந்ததும் துடிப்பு நெருங்கி, நெருங்கி, கடைசில தையல் மெஷின் வேகமா மிதிச்ச மாதிரி ஒரே ரீங்காரம். நொடிக்கு 200 வரைக்கும் போகும். அப்புறம் ஒரு சின்ன நிசப்தம், வாயில பூச்சி! மோதாம இருக்க மட்டுமில்ல, கொசு அளவு பூச்சியைத் துரத்திப் பிடிக்கிறதும் இதாலதான். பதிமூணு வருசமா அறைக்குள்ள வச்சுப் பாத்து பிடிபடாதது, குளத்தங்கரையில பிடிபட்டுச்சு.

அடுத்த பிரச்சினை உயரம். உச்ச ஸ்தாயி சத்தத்தைக் காத்து சீக்கிரம் குடிச்சிடும். தரையில மைக் வச்சா, தலைக்கு மேல சில பத்து மீட்டர்ல பறக்கிறது மட்டும்தான் கேக்கும். அதுக்கும் மேல? ஏதோ பறக்குதுன்னு ரேடார் காட்டுச்சு. டெக்சஸ்ல குகைகள்ல கோடிக்கணக்குல இருக்கிற மெக்சிகன் வால் நீட்டி வௌவால்கள் 3,000 மீட்டருக்கு மேல போறதை 1973லயே ரேடாரை வச்சு எழுதிட்டாங்க. ஆனா ரேடாருக்கு என்ன பேசுதுன்னு தெரியாதே.

அதனால மைக்கைப் பட்டத்துல கட்டிப் பறக்கவிட்டாங்க. ஹீலியம் பலூன்ல கட்டினாங்க. எண்பது வயசை நெருங்கின கிரிஃபினும், ஃபென்டன்ங்கிற கனடாக்காரரும் ஜிம்பாப்வேல இப்படிக் கேட்டு 1997ல எழுதினாங்க. 600 மீட்டர் உயரத்துலயும் வேட்டை நடக்குது. 2008ல மெக்ராக்கன் குழு டெக்சஸ்ல 900 மீட்டர் வரைக்கும் மைக்கை ஏத்துச்சு. 400-500 மீட்டர்லதான் கூட்டம் அதிகம், அந்தத் தையல் மெஷின் ரீங்காரமும் அங்கயே கேட்டுச்சு. ஏன் அந்த உயரம்? மெக்சிகோ பக்கத்துலேருந்து காத்துல மிதந்து வர்ற அந்துப்பூச்சிக் கூட்டம் அங்கதான் போகும். சோளம், பருத்தியை அழிக்கிற புழுவோட தாய்ப்பூச்சி. நம்ம ஊர்ல பருத்தி, துவரையில விழுற பச்சைக் காய்ப்புழுவுக்குப் பங்காளி.

பட்டமும் பலூனும் காத்து இழுத்த பக்கம் போகும். நாம நினைச்ச இடத்துல நிக்காது. அங்கதான் ட்ரோன் வருது. ஆனா அதுல ஒரு மகா இம்சை: சத்தம். காத்தாடி நாலும் போடுற இரைச்சல் வௌவால் பேசுற ஸ்தாயி வரைக்கும் போகும். காதுகுத்துக்கு மேளம் வச்சுட்டு, குழந்தை அழறது கேக்கலையேன்னு சொன்ன மாதிரி.

அமெரிக்காவுல லாரா க்ளோப்பர்ங்கிற பேராசிரியை இதுல விடாப்பிடியா இறங்கினார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒரே கேள்வி. லட்சக்கணக்குல வௌவால் ஒரே குகை வாசல்ல நெருக்கியடிக்கும்போது, ஒவ்வொண்ணும் கத்தும்போது, தன்னோட எதிரொலியை எப்படிப் பிரிச்சுக் கேக்குது? கம்பி கட்டி மைக்கைக் கூட்டத்துக்குள்ள சறுக்கவிட்டார். பழக்கின பருந்து முதுகுல மைக்கும் கேமராவும் கட்டி வௌவால் கூட்டத்துக்குள்ள பறக்கவிட்டார் (இதைப் படிச்சப்ப நான் விசிலே அடிச்சிட்டேன்). கடைசில காத்தாடி இரைச்சல் மைக்குக்குப் போகாதபடி தடுத்து ஒரு ட்ரோன் செஞ்சாங்க. பேரு 'கைராப்டர்' மாதிரி வர்றதுக்காக 'கைரோகாப்டர்'. வௌவால் இனத்துக்கு விலங்கியல்ல கைராப்டிரான்னு பேரு. காலைல வௌவால்கள் குகைக்குத் திரும்பும்போது அதைப் பறக்கவிட்டுப் பதிவு பண்ணினாங்க. 2018ல கட்டுரை வந்துச்சு. ட்ரோன்ல இருந்து காட்டு விலங்கோட குரலைப் பதிவு செஞ்சது அதுதான் முதல்னு அவங்க சொல்றாங்க. கிடைச்ச பதில்: கூட்டமாப் பறக்கும்போது ஆளுக்கு ஆள் கத்துற தினுசு மாறுது. தன் குரலைத் தான் அடையாளம் காண அது உதவலாம்.

கூடவே அவங்களே ஒரு கேள்வியும் எழுப்பினாங்க. கேக்கப் போன நாம, அதுங்களைத் தொந்தரவு பண்றோமா? காதை நம்பிப் பொழைக்கிற ஜீவன் நடுவுல இரைச்சல் போடுற மெஷினைக் கொண்டு போறது எவ்வளவு தூரம் நியாயம்? எனக்கு இந்தக் கேள்விதான் ட்ரோனை விடப் பெருசாத் தெரிஞ்சது.

இப்ப மதுரை. க்ளோப்பர் கேட்ட கேள்வியை நாப்பது வருசம் முன்னாடியே ஒருத்தர் நம்ம ஊர்ல கேட்டிருக்கார். ஜெர்மனியைச் சேர்ந்த நாய்வைலர் குழு மதுரைப் பக்கம் வந்து வௌவால்களை வருசக்கணக்கா ஆராய்ஞ்சது. எந்த சாதி வௌவால் எந்த உயரத்துல வேட்டையாடுது, அதுக்கேத்த ஸ்தாயி எதுன்னு இங்கதான் தெளிவாக்கினாங்க. வெட்டவெளியில உயரப் பறக்கிறது தாழ்ந்த ஸ்தாயி, இலை தழைக்குள்ள நுழையிறது உச்ச ஸ்தாயி. அந்தக் குழுவுல ஹாபர்செட்சர்னு ஒருத்தர் 1981ல ஒரு கட்டுரை எழுதினார். எலிவால் வௌவாலைப் பத்தி. தனியாப் பறந்தா அது 32.5 கிலோ ஹெர்ட்ஸ்ல கத்தும். கூட்டமா வந்தா 30, 32.5, 35ன்னு மூணு அலைவரிசையாப் பிரிச்சுக்கும். ஒண்ணு பேசுறது இன்னொண்ணைக் குழப்பாம இருக்கணும்னு.

ட்ரோன் இல்ல, பருந்து இல்ல. மதுரை வெட்டவெளியில மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது.

2025ல அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கத்துப் பதில் வந்துச்சு. இஸ்ரேல்ல ஹூலா பள்ளத்தாக்குல, அதே எலிவால் வௌவாலோட பெரிய சாதி. இந்தத் தடவை மைக்கை வௌவால் முதுகுலயே வச்சுட்டாங்க. குகையை விட்டு வெளிய வர்ற நொடியில 94 சதவீத எதிரொலி மத்த வௌவால் சத்தத்தால அமுங்கிப் போகுது. அஞ்சு நொடிக்குள்ள அதுங்க விலகி விரிஞ்சு, குரலைச் சுருக்கி, ஸ்தாயியைக் கூட்டி, பெரும்பாலான சிக்கலைச் சமாளிச்சிடுது. நம்ம சிக்னல்ல பச்சை விழுந்ததும் எல்லாரும் ஹாரன் அடிப்போமே, அங்க நேர் எதிர். கூட்டத்துல மெதுவாப் பேசுது!

ஹாபர்செட்சர் கட்டுரையில அந்த வௌவாலைப் பத்திப் படிச்சதும் எனக்கு மண்டபம்தான் ஞாபகம் வந்துச்சு. எலி மாதிரி நீள வாலு. அந்த ஆளுங்க எங்க ஊர் மண்டபத்துக்கு வந்தாங்களான்னு கேக்காதீங்க. ஆனா அவங்க கேட்ட அதே சாதி, மதுரைப் பக்கத்துலயே, ஒரு மண்டபம் நெறைய எங்க தலைக்கு மேல தொங்கிச்சு. 30, 32.5, 35ன்னு பிரிச்சுக்கிட்டு ஒழுங்கா வெளிய போய் வந்த கூட்டம். நாங்க மூட்டம் போட்ட அன்னிக்கு, பகல்ல, கண்ணு எரிய, எல்லாம் ஒரே நேரத்துல அந்தச் சின்ன வாசல்ல முண்டியடிச்சு வெளிய வந்துச்சுங்களே, அப்ப என்னமாக் கத்தியிருக்கும்! நான் வாசல்லயே வெளக்கமாத்தோட நின்னேன். பன்னெண்டு வயசுக் காது, நல்ல காது. எனக்கு ஒண்ணுமே கேக்கல. இறக்கை அடிக்கிற சத்தம் மட்டும்தான்.

நேத்து அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அன்னிக்கு உங்கப்பாருகூட வேணாம்னுதான்டா சொன்னாரு"ன்னாங்க. எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். கம்பி வலை இன்னும் இருக்கு. அதைப் பிரிக்கச் சொல்ற தைரியம் எனக்கு இருக்கான்னு தெரியல. ஆனா ஊருக்குப் பின்னால மலையில ஒரு பொடவு உண்டு. சாயங்காலம் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தள்ளி நின்னு பாக்கணும். செல்போன்ல சொருகுற மாதிரி சின்ன அல்ட்ராசவுண்ட் மைக் இப்ப விக்குது. ட்ரோன்லாம் வேணாம். கிட்டப் போகாமக் கேட்டாப் போதும்.

டிஸ்கி: உங்க ஊர்ல கோயில், மண்டபம், பாழுங்கெணறுன்னு எங்கயாவது வௌவால் இன்னும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வீட்டுல சின்னப் பசங்களுக்கு டிக் டிக் கேக்குதான்னும் கேட்டுச் சொல்லுங்க. உங்களுக்குக் கேக்கலன்னா கவலைப்படாதீங்க, நம்ம செட்டுதான் நீங்களும் :-)